ஆறரை மூட்டை அரிசி

லிவர்மோர், கலிஃபோர்னியா
6 ஜனவரி 2025

அத்திம்பேருக்கு,

நமஸ்காரம். என் அக்கா ருக்மிணியைக் கட்டிக்கொண்டவர் என்கிற ஒரே காரணத்துக்காக இந்த நமஸ்காரம். இந்த வரியோடு மரியாதை முடிந்தது.

வாட்ஸ்ஆப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டீர்களாமே. "அப்பா, உன் மெசேஜ் எதுவும் அவருக்குப் போகலை, ஒத்தை டிக்தான் விழறது" என்று என் பிள்ளை அனிருத் காட்டினான். அதனால் தபால். அமெரிக்கத் தபால்காரனை பிளாக் பண்ண உங்களாலும் முடியாது, உங்கள் வெஸ்ட் வின்ட்சர் மேயராலும் முடியாது.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி, உங்கள் பெண் மானஸாவின் நிச்சயதார்த்தத்தில், எண்பது பேர் எதிரில் என் கையிலிருந்து பாதுஷா தட்டைப் பிடுங்கினீர்கள். பிடுங்கினது போகட்டும். மைக்கில் என்ன சொன்னீர்கள்? "பட்டாபிக்கு கிரேடு டூ ஃபேட்டி லிவர். கல்யாணத்துல மாலை மாத்தறச்சே மானஸாவை அவன் தூக்க வேண்டாம். முகுந்த் தூக்கட்டும்."

பெண்ணைத் தோளில் தூக்குவது தாய்மாமன் பாத்தியதை. முகுந்த் உங்கள் அண்ணா பிள்ளை. அவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் ஒன்பதாம் கிளாஸோடு நின்றவன்தான். ஆனால் மன்னார்குடியில் பதினாறு வயசில் பெருமாள் பல்லக்குக்குத் தோள் கொடுத்தவன். பாத்திர வாடகைக் கடை வைத்து, இருநூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கிற அண்டாவை ஒற்றைக் கையால் வண்டியில் ஏற்றியவன். சாம்பாரோடு.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று. கை அலம்பும் இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா என் பக்கத்தில் வந்து, "எத்தனை வருஷமா சார் பழக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார். உங்களோடு பழக்கத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "முப்பத்திரண்டு வருஷமா" என்று பெருமையாகச் சொன்னேன். மனுஷர் முகம் வெளுத்துப் போயிற்று. ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. லிவர் என்றால் நம் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம். ஒரு சொட்டு தொடாத என்னைக் குடிகாரனாக்கி அனுப்பியிருக்கிறீர்கள்!

நவம்பர் இரண்டாம் தேதி கல்யாணம். அதே எண்பது பேர் பார்க்க மானஸாவை நான் தூக்குவேன். தூக்கின பிறகு உங்களைக் கவனிக்கிறேன். பழி வாங்காமல் விட மாட்டேன்.

பட்டாபிராமன்

*

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்ஸி
17 ஜனவரி 2025

சிரஞ்சீவி பட்டாபிக்கு,

ஆசீர்வாதம்.

உன் கடிதத்தில் உள்ள தவறுகளைத் திருத்துகிறேன். முப்பது வருஷம் மருந்துக் கம்பெனியில் ஆடிட் பண்ணினவன், அந்தப் பழக்கம் போகாது. நான் பிடுங்கியது மூன்றாவது பாதுஷா. முதல் இரண்டையும் பார்த்துக்கொண்டு சும்மாத்தான் இருந்தேன். மைக் ஆன் ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. அதற்காக வருந்துகிறேன் என்று எழுத வந்தேன், உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் எழுதத் தோன்றவில்லை.

உன் எடை தொண்ணூற்றொரு கிலோ. லிவர் என்சைம் ஏஎல்டி தொண்ணூற்றாறு, நாற்பதுக்குள் இருக்க வேண்டும். இதெல்லாம் ருக்மிணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அவளிடம் அழுததையும் சொன்னாள். எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறை, லிவர் தானே தெளியும் என்று உன் டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ அதைக் கேட்டுக்கொண்டு நேரே நிச்சயதார்த்தத்துக்கு வந்து பாதுஷாவில் உட்கார்ந்தாய்.

குனிந்து செருப்பு மாட்டினாலே உனக்கு மூச்சு வாங்குகிறது. முன்னூறு பேர் பார்க்க என் பெண்ணைக் கீழே போட்டுவிட்டு, அதற்கும் ஒரு கதை சொல்வாய்.

ஆகையால் நிபந்தனை. செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் லேப் ரிப்போர்ட் எனக்கு வர வேண்டும். எடை எண்பத்திரண்டுக்கு மேல் போகக் கூடாது. ஏஎல்டி நாற்பதுக்குக் கீழே. இரண்டும் இருந்தால் நீ தூக்கு. இல்லாவிட்டால் முகுந்த் தூக்குவான், நீ முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டலாம். கடிதம் வேண்டாம், ரிப்போர்ட் அனுப்பு.

வெங்கடகிருஷ்ணன்

*

லிவர்மோர்
9 மார்ச் 2025

அத்திம்பேருக்கு,

நமஸ்காரத்தைப் போன கடிதத்திலேயே கொடுத்துவிட்டேன்.

இங்கே நடக்கிற தவத்தைச் சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். தினம் பதினாலு மைல் நடக்கிறேன். திராட்சைத் தோட்டத்தைத் தாண்டி, காற்றாடி சுற்றுகிற மலை வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறேன். போன வியாழக்கிழமை எதிரில் ஒரு சிறுத்தை. இங்கே அதற்கு வேறு பேர் சொல்கிறார்கள், ஜாதி அதுதான். கால் மணி நேரம் முறைத்தேன். அது வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போயிற்று.

சாப்பாட்டில் சந்நியாசி ஆகிவிட்டேன். ராத்திரி சாதமே கிடையாது, வெறும் பலகாரம். ஏகாதசிக்கு மட்டும் இருந்த விரதத்தைத் தினப்படி ஆக்கிவிட்டேன். இட்லி, இல்லாவிட்டால் சேவை, இல்லாவிட்டால் ரவா உப்புமா. தாகத்துக்குத் தண்ணீர்கூட இல்லை, ஆரஞ்சு ஜூஸ்தான். "மாமா, ஜூஸ் வேண்டாமே" என்று மாட்டுப்பெண் இழுத்தாள். "பழம்மா அது, பெருமாளுக்கே நைவேத்தியம் பண்றது" என்று அவள் வாயை மூடினேன்.

தூக்கிப் பழகுவதற்கும் வழி பண்ணிவிட்டேன். மானஸாவைப் போனில் கேட்டேன். "நூத்தி முப்பத்திரண்டு பவுண்ட் மாமா. உனக்காக நான் டயட் எல்லாம் பண்ண மாட்டேன், ஓகே?" என்றாள். இந்தியன் ஸ்டோரில் அரிசி மூட்டை இருபது பவுண்ட். ஆறரை மூட்டை வைத்தால் மானஸா. கராஜில் அடுக்கி வைத்திருக்கிறேன். ராத்திரி சாப்பிடக் கூடாத அரிசியைத் தோளில் சுமக்கிறேன், எல்லாம் உங்கள் புண்ணியம்.

உங்களுக்கும் ஒரு நிபந்தனை. என் ரிப்போர்ட் வருகிற அன்றைக்கு உங்கள் ரிப்போர்ட்டும் வர வேண்டும். வயிற்று ஸ்கேன், ரத்தம், எல்லாம். ஊரார் லிவரை மைக்கில் படிக்கிறவர் தன் லிவரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். தைரியம் இல்லையென்றால் எழுதுங்கள், அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டிவைக்கிறேன்.

பட்டாபிராமன்

*

வெஸ்ட் வின்ட்சர்
18 ஏப்ரல் 2025

பட்டாபிக்கு,

இடைக்கால ரிப்போர்ட் வந்தது. நீ அனுப்பவில்லை, அனிருத் அனுப்பினான். எடை தொண்ணூற்றிரண்டரை. ஏஎல்டி நூற்றெட்டு. சபாஷ்! மூன்று மாதம் தவம் பண்ணி ஒன்றரை கிலோ ஏறின முதல் சந்நியாசி நீதான்.

பதினாலு மைல் பற்றி. உன் போனில் ஸ்டெப் கணக்கு இருக்கிறது. ருக்மிணிக்கு அனிருத் அனுப்பிய படத்தில் ஒன்றேகால் மைல். அந்தச் சிறுத்தை பக்கத்து வீட்டு நாய் என்றும், நீ தபால் பெட்டி மேல் ஏறப் பார்த்தாய் என்றும் அவன் சொன்னான்.

பலகாரம் பற்றி. இட்லி எதில் பண்ணுகிறார்கள்? சேவை எதில்? ராத்திரி சாதத்தை விட்டுவிட்டுப் பத்து இட்லி சாப்பிட்டால் அது ஏகாதசிக் கணக்கில் விரதம், லிவர் கணக்கில் சாதம். நம்மவர் நூறு வருஷமாகப் பண்ணுகிற ஏமாற்று இது. பெருமாள் ஏமாந்திருக்கலாம், லேப் மெஷின் ஏமாறவில்லை. ஜூஸ் பற்றி நான் எழுதவே போவதில்லை, உன் மாட்டுப்பெண்ணிடம் மன்னிப்புக் கேள்.

உன் கடிதத்தை முகுந்த்துக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை. அவன் ஜிம்முக்குப் போக ஆரம்பித்துவிட்டான்.

என் ஸ்கேன் விஷயம். எனக்கு எழுபது வயசு, அறுபத்தொரு கிலோ. இடுப்பு முப்பத்திரண்டு, கல்யாணத்தன்று இருந்த அதே அளவு. இருந்தாலும் உன் வாயை அடைப்பதற்காகச் செய்துகொள்கிறேன். செப்டம்பரில் இருவரும் முழு ரிப்போர்ட்டை ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது. இதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீயும் போட்டு ஒரு நகல் அனுப்பு.

வெங்கடகிருஷ்ணன்

*

லிவர்மோர்
22 ஜூன் 2025

அத்திம்பேருக்கு,

நகல் உள்ளே இருக்கிறது, கையெழுத்தோடு.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். திறக்கக் கை போனால் முதலில் கண்ணில் படுவது "சபாஷ்". அதற்கு மேல் எனக்கு ஒன்றும் இறங்குவதில்லை. டாக்டரம்மா டயட் சார்ட் கொடுத்தார், அதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

மாட்டுப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா, சார்ட் நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் ராஜ்ஜியம். மத்தியானம் ஒரே ஒரு கப் சாதம், அவளே அளந்து வைக்கிறாள். மீதித் தட்டெல்லாம் கீரையும் அவரைக்காயும் புடலங்காயும். சாயங்காலம் காராமணிச் சுண்டல். ராத்திரி ஆறரைக்குள் பருப்பும் காய்கறியும், அதோடு அடுப்படி மூடியாயிற்று. காப்பியில் சர்க்கரை கிடையாது. முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது, உங்களை நினைத்துக்கொண்டு விழுங்கினேன். சர்க்கரையும் ஜூஸும் வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. கோவிலில் புளியோதரையை ஒரு ஸ்பூன் மட்டும் வாங்கினேன். "ஏன் மாமா, உடம்பு சரியில்லையா?" என்று நாலு பேர் விசாரித்தார்கள்.

இனிமேல் வருகிற நாலு வரி உங்களுக்கு இல்லை, தாண்டிப் போங்கள். ஒன்றேகால் மைல் என்று நீங்கள் எழுதியது நிஜம். அந்த ஒன்றேகாலிலும் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். முதல் மூட்டையைத் தூக்கினபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கராஜ் தரையிலேயே படுத்துவிட்டேன். அனிருத் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

இப்போது மத்தியானம் முக்கால் மணி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் முக்கால் மணி நடக்கிறேன். எடை எண்பத்தேழு. நாலு மூட்டை தோளில் ஏறுகிறது. ஐந்து என்று எழுதலாம், நீங்கள் அனிருத்தைக் கேட்பீர்கள்.

ஒவ்வொரு மூட்டையைத் தூக்கும்போதும் உங்கள் பேரைச் சொல்லித்தான் தூக்குகிறேன். சாமி பேர் சொன்னால் இவ்வளவு பலம் வருவதில்லை.

பட்டாபிராமன்

*

வெஸ்ட் வின்ட்சர்
14 செப்டம்பர் 2025

பட்டாபிக்கு,

உன் ரிப்போர்ட் பத்தாம் தேதியே வந்துவிட்டது. எடை எண்பத்தொன்று புள்ளி ஏழு. ஏஎல்டி முப்பத்தெட்டு. கொழுப்பு கிரேடு ஒன்றுக்கு இறங்கியிருக்கிறது. மூன்று தடவை சரிபார்த்தேன், அனிருத்துக்கும் போன் பண்ணிக் கேட்டேன். பிழை ஒன்றும் கிடைக்கவில்லை.

நீ தூக்கலாம். முகுந்த்திடம் சொல்லிவிட்டேன்.

என் ரிப்போர்ட் உள்ளே இருக்கிறது. நாலு நாள் தாமதம். தபால் நிலையம் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் அனுப்புகிறேன்.

படித்தால் உனக்குப் புரியும், புரியாவிட்டால் சொல்கிறேன். எனக்கும் ஃபேட்டி லிவர். உன்னுடையது வெறும் கொழுப்பு. என்னுடையது இறுக ஆரம்பித்துவிட்டது. ஒல்லியாக இருந்தாலும் வரும், நம் ஊர்க்காரர்களுக்குச் சகஜம் என்று டாக்டர் சொன்னார். வெளியே தெரியாதாம். முப்பத்திரண்டு இஞ்ச் இடுப்பை நம்பிக்கொண்டு இத்தனை வருஷம் மூன்று வேளையும் சாதம், ராத்திரி ஸ்வீட். நான் குடிப்பதில்லை என்பதை அவரிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தடவையும் அவர் நம்பினாரா என்று தெரியாது.

இன்னும் திருப்பலாம் என்கிறார். நீ செய்கிற அதையேதான் செய்யச் சொல்கிறார். கல்யாணம் முடியட்டும் என்றிருக்கிறேன்.

ருக்மிணிக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். கல்யாண வேலைக்கு நடுவில் அவள் தாங்க மாட்டாள். அப்புறமும் வேண்டாம்.

நான் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதே.

சரி. கேட்டுக்கொள்கிறேன்.

வெங்கடகிருஷ்ணன்

*

லிவர்மோர்
9 நவம்பர் 2025

அத்திம்பேருக்கு,

நமஸ்காரம். இந்தத் தடவை முழு நமஸ்காரம், வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண மண்டபத்தில் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதால் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன். மாப்பிள்ளையைத் தூக்கின அவன் மாமா ஏழடி உயரம். எட்டு என்றுகூடச் சொல்வேன், தலைப்பாகையோடு. நான் ஒரே மூச்சில் மானஸாவைத் தோளில் ஏற்றினேன். அரிசி மூட்டை சிரிக்காது, இவள் சிரித்துக் குலுங்கினாள், அது ஒன்றுதான் பழக்கத்தில் இல்லாதது. "மாமா, டோன்ட் ட்ராப் மீ, டோன்ட் ட்ராப் மீ!" என்று என் காதைப் பிடித்துக்கொண்டாள். "பேசாம இருடி, ஆறரை மூட்டை!" என்றேன். அவன் மாமா முன்னால் வந்தார், நான் பின்னால் போனேன். இடது பக்கம் வந்தார், நான் வலது பக்கம் சாய்ந்தேன். மூன்று தடவை மாலை போட வந்தும் அவர்களுக்குக் கழுத்து கிடைக்கவில்லை. முகுந்த்தே விசில் அடித்தான். கடைசியில் நானாகப் பாவம் பார்த்து நின்றேன்.

இறக்கினதும் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். "நன்னா இளைச்சிருக்கேளே சார். பழக்கத்தை விட்டுட்டேளா?"

சுற்றி இருபது பேர். நீங்கள் இரண்டடியில் நின்றீர்கள். உங்கள் முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். "குடிக்காமலே வரும் சார், இதோ எங்க அத்திம்பேரைக் கேளுங்கோ" என்று சொல்லியிருந்தால் என் பேரும் சுத்தமாகியிருக்கும், உங்கள் கணக்கும் தீர்ந்திருக்கும். உங்கள் ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அந்த வரியைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

"ஆமா சார், விட்டுட்டேன். ஆரஞ்சு ஜூஸ்" என்றேன். அவர் விழித்தார். "சாதமும் இட்லியும்தான் சார் பண்ணித்து. நான் வேற எதையும் தொட்டதில்லை" என்றேன். "அப்படியா?" என்று தன் தொப்பையைத் தானே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். இனிமேல் அவருக்கும் தூக்கம் வராது.

நீங்கள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பட்டாபி மன்னித்துவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள். அப்புறம் பந்தியில் உட்கார்ந்து, பால் பாயசத்தை ஒரு டம்ளர் குடித்தீர்கள். இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டினீர்கள். இரண்டு மாதம் முன்னால் டாக்டர் அவ்வளவு சொன்ன பிறகு!

அப்போதுதான் முடிவு பண்ணினேன். எண்பது பேரிடம் சொன்னால் என்ன ஆகும்? ஒரு வாரம் பேசுவார்கள், அடுத்த கல்யாணத்தில் மறந்துவிடுவார்கள். அது என்ன பழி? நான் எண்பது பேரிடம் சொல்லவில்லை. ஒருத்தரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை, ஏர்போர்ட்டுக்கு அக்காதானே என்னை டிரைவ் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனாள்? பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினதும் உங்கள் ரிப்போர்ட்டை அவள் மடியில் வைத்தேன். அக்கா அழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள்.

"எத்தனை நாளாடா தெரியும் அவருக்கு?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா என் பக்கத்துல உக்காந்துண்டு கல்யாண லட்டுக்கு டேஸ்ட் பாத்துண்டிருந்தாரா?"

நான் கதவைத் திறந்து பெட்டியை இறக்கினேன்.

"நீ பிளேன் ஏறு. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்தக் குரலை நான் சின்ன வயசிலிருந்து அறிவேன். உங்களுக்காக ஒரு நிமிஷம் பரிதாபப்பட்டேன். ஒரு நிமிஷம்தான். அப்புறம் பிளேனில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பட்டாபிராமன்

*

வெஸ்ட் வின்ட்சர்
21 நவம்பர் 2025

துரோகி பட்டாபிக்கு,

ஆசீர்வாதம் கிடையாது.

சர்க்கரை டப்பா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. பாஸ்மதி மூட்டையும் போய்விட்டது. உன் மாட்டுப்பெண்ணோடு போனில் பேசி அவளுடைய சார்ட்டை ருக்மிணி வாங்கிவிட்டாள். எனக்கும் மத்தியானம் ஒரு கப் சாதம், புடலங்காய் மலை. ஒல்லியாக இருப்பவனுக்கு எடையைக் குறைப்பதைவிடச் சதை பிடிப்பது முக்கியம் என்று டாக்டர் சொன்னாராம், அதற்காக எழுபது வயசில் கையில் டம்பெல் கொடுத்திருக்கிறாள். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து எண்ணுகிறாள்.

காலையில் ஆறரைக்கு நடை. வெளியே முப்பத்தோரு டிகிரி ஃபாரன்ஹீட், புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை. குல்லாய் மாட்டிவிட்டு எனக்கு இரண்டடி பின்னால் வருகிறாள். எதுவும் பேசுவதில்லை. நேற்று மட்டும், "என்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டாள். எழுபது வயசுக்காரனைப் பதில் இல்லாமல் ரோட்டில் நிறுத்திவிட்டாய், அதற்காக உன்னை என்றைக்கும் மன்னிக்க மாட்டேன்.

வீட்டிலிருந்து பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் வரைக்கும் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே நடக்கிறேன். போய்த் திரும்ப இரண்டு மைல். திட்டு தீரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மூன்றாக ஆக்கியிருக்கிறேன்.

வெங்கடகிருஷ்ணன்